கால் படாத தோட்டம்: புடாபெஸ்ட் பெரிய ஜெப ஆலயத்தின் பக்கவாட்டு முற்றம்

கல்லறை நிலத்துக்குள் மாடு மேய்க்கக் கூடாது, அதன் குறுக்கே வாய்க்கால் கொண்டுபோகக் கூடாது, அங்கே முளைத்த புல்லை அறுத்துக்கொண்டு போகக் கூடாது, யாராவது அறுத்துவிட்டால் அதை அந்த இடத்திலேயே எரித்துவிட வேண்டும். யூதர்களின் பழைய மதச் சட்ட நூலான தல்மூதில் மெகில்லா என்கிற பகுதியில் இப்படி ஒரு விதி இருக்கிறது. அதே பகுதியில் இடிந்துபோன ஜெப ஆலயத்தைப் பற்றியும் பேச்சு வருகிறது. இடிந்துவிட்டது என்பதற்காக அதைக் குறுக்கு வழியாக ஆக்கிக்கொள்ளக் கூடாது, அதற்குள் உட்கார்ந்து கயிறு திரிக்கக் கூடாது, கூரைமேல் பழம் உலர்த்தக் கூடாது. புல் முளைத்தால் பிடுங்கவும் கூடாது, ஏனென்றால் பார்க்கிறவர்களுக்கு மனசு வலிக்க வேண்டும். களையைப் பிடுங்காதே, பார்க்கிறவனுக்கு வலிக்கட்டும் என்று சொல்கிற ஒரு தோட்ட விதியை நான் வேறு எங்கேயும் படித்ததில்லை.

யூத ஜெப ஆலயத்துக்கு ஒரு தியானத் தோட்டம் அமைப்பது எப்படி என்று யாராவது கேட்டால், செடிப் பட்டியலை எடுப்பதற்கு முன்னால் நான் அவர்களை புடாபெஸ்டைப் பார்க்கச் சொல்வேன். டோஹானி தெருவில் இருக்கிற பெரிய ஜெப ஆலயத்தின் பக்கவாட்டில் ஒரு முற்றம், பின்பக்கம் இன்னொரு முற்றம். இரண்டும் 60 ஆண்டு இடைவெளியில் உருவானவை. முதலாவதை வரைந்தவர்கள் மனதில் இருந்தது ஒன்று, அந்த மண்ணுக்கு நேர்ந்தது வேறு. இரண்டாவதை அமைத்தவர்களுக்கோ முதலாவதில் நடந்ததற்குப் பக்கத்திலேயே கைவைக்க வேண்டிய நிலை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த இடத்தின் அமைதி பெரும்பாலும் அங்கே எதைச் செய்யக் கூடாது என்பதிலிருந்து வந்திருக்கிறது. எங்கே கால் போகக் கூடாது, எங்கே மண்வெட்டி படக் கூடாது, எங்கே தண்ணீர் ஓடக் கூடாது என்ற தடைகள்தான் அங்கே வடிவமைப்பாளர். மற்றவர்கள் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

இடம்

டோஹானி என்றால் ஹங்கேரி மொழியில் புகையிலை. புகையிலைத் தெருவில் 1854இல் தொடங்கி 1859இல் முடித்த கட்டடம் இது. வியன்னாவைச் சேர்ந்த லுட்விக் ஃபோர்ஸ்டர் வரைந்தது, உள்ளே சில பகுதிகள் ஃப்ரிஜெஷ் ஃபெஸ்ல் என்ற ஹங்கேரியக் கட்டடக் கலைஞர் கை. சுமார் 3,000 பேர் உட்காரலாம், ஐரோப்பாவிலேயே பெரிய ஜெப ஆலயம் இதுதான். முகப்பில் வெங்காயக் குமிழ் வைத்த இரண்டு கோபுரங்கள், சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகச் செங்கல். மூரிஷ் பாணி என்பார்கள். நியோலாக் என்ற சீர்திருத்தப் பிரிவினர் கட்டியது என்பதால் உள்ளே ஆர்கன் என்ற பெரிய குழல் இசைக்கருவிகூட உண்டு, வைதிகப் பிரிவினர் அதை ஏற்க மாட்டார்கள். ஜெப ஆலயத்தை ஒட்டி நின்ற வீட்டில் 1860இல் தியோடோர் ஹெர்சல் பிறந்தார், யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிச இயக்கத்தைத் தொடங்கியவர்.

அந்த வீடு இருந்த இடத்தில்தான் இப்போது யூத அருங்காட்சியகம் நிற்கிறது. 1930களின் தொடக்கத்தில் அருங்காட்சியகமும், பின்னால் மாவீரர் ஆலயம் என்ற சின்ன ஜெப ஆலயமும் கட்டப்பட்டன. முதல் உலகப் போரில் ஹங்கேரிக்காகச் சண்டை போட்டு இறந்த யூதச் சிப்பாய்கள் நினைவாக எழுந்தது அந்தச் சின்ன ஆலயம். லாஸ்லோ வாகோ, ஃபெரென்ஸ் ஃபராகோ இருவரும் வரைந்தது, 1931இல் முடிந்தது. பெரிய ஆலயம், சின்ன ஆலயம், அருங்காட்சியகம், இந்த மூன்றையும் கோர்க்க ஒரு வளைவுத் தாழ்வாரம் போட்டார்கள். அதனால் வெசெலேனி தெருவுக்கும் பெரிய ஆலயத்தின் நீண்ட சுவருக்கும் நடுவில் ஒரு முற்றம் அகப்பட்டது. தோட்டம் என்று இங்கே நான் சொல்வது அந்த முற்றத்தைத்தான்.

கொஞ்சம் நின்று யோசித்தால் அந்த 1931 வரைபடம் எவ்வளவு நல்ல வேலை என்று தெரியும். நகரத்தின் நெரிசலான பகுதி, பக்கத்திலேயே தெரு. அங்கே தோட்டம் போடுகிறவர் வழக்கமாக என்ன செய்வார்? ஓரத்தில் உயரமான மரமும் புதரும் வைத்துத் தெருவை மறைப்பார், நடுவில் பாதையும் பெஞ்சும் போடுவார். இவர்கள் தெருப்பக்கம் செடிக்குப் பதில் கட்டடத்தையே வைத்தார்கள். பிரகாரம் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று பிடிபடும்: நடுவில் திறந்த வானம், சுற்றி நிழலான நடை, மழையானாலும் நிற்கலாம். நிழலில் நின்று வெளிச்சத்தைப் பார்க்கிற ஏற்பாடு அது. நிற்கிற இடத்திலிருந்தே தோட்டம் முழுக்கத் தெரிவதால் உள்ளே இறங்க வேண்டும் என்ற எண்ணமே வராது. பார்ப்பவர் விளிம்பில், தோட்டம் நடுவில். 1931இல் இது வெறும் அழகுக்கான முடிவாகத்தான் இருந்திருக்கும். 14 ஆண்டு கழித்து அதுவே அந்த இடத்தைக் காப்பாற்றியது.

1944-45 குளிர்காலம்

1944 மார்ச் 19 அன்று ஜெர்மானியப் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள், எட்டு வாரம்கூட முழுசாக இல்லை, ஊர்ப்புறங்களிலிருந்து 4,30,000க்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றினார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமுக்கு. புடாபெஸ்டில் இருந்தவர்கள் மட்டும் மிச்சம். அக்டோபரில் அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சியைப் பிடித்தது, அவர்கள் ஹங்கேரிய நாஜிகள். டோஹானி ஆலயத்தை ஒட்டிய தெருக்களைச் சேர்த்து, யூதர்களை அடைத்துவைக்கும் கெட்டோ அமைத்து, டிசம்பர் 10 அன்று அதை அடைத்தார்கள். கால் சதுர கிலோமீட்டர் அளவு இடம், அதற்குள் சுமார் 70,000 பேர். உணவு இல்லை, விறகு இல்லை. வெளியே சோவியத் முற்றுகை, மேலிருந்து குண்டு, உள்ளே நுழைந்து சுடும் ஆயுதக் கும்பல்.

ஜனவரி 18 அன்று கெட்டோ விடுபட்டபோது தெருக்களிலும் முற்றங்களிலும் சடலங்கள் கிடந்தன. பசியாலும் குளிராலும் நோயாலும் செத்தவர்கள், சுடப்பட்டவர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புடாவில் சண்டை பிப்ரவரி 13 வரை ஓடியது. அத்தனை பேரையும் ஊர் எல்லையில் இருக்கும் கல்லறைக்குக் கொண்டுபோக முடியாத நிலையில், 2,000க்கும் மேற்பட்டோரை இந்த முற்றத்திலேயே கூட்டுக் குழிகளில் புதைத்தார்கள். பலருடைய பெயர் யாருக்கும் தெரியாது.

யூத வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விலகல் என்று புரியும். கல்லறை எப்போதும் ஊருக்கு வெளியே. ஜெப ஆலயமும் கல்லறையும் அக்கம்பக்கத்தில் இருப்பதே அபூர்வம், தேவாலயத்தின் முற்றத்தில் புதைக்கிற கிறிஸ்தவப் பழக்கம் அவர்களிடம் கிடையாது. அதிலும் கோஹென் குடும்பத்தவர், அதாவது பழைய எருசலேம் ஆலயத்துப் பூசாரி வம்சத்தில் வந்தவர்கள், பிணத் தீட்டைத் தவிர்க்க வேண்டியவர்கள். நெருங்கிய உறவினர் சாவைத் தவிர வேறு எதற்கும் கல்லறைக்குள் போகக் கூடாது. அந்தத் தீட்டு பரவும் விதத்தில் தோட்டக்காரருக்குச் சம்பந்தமுள்ள ஒரு நுணுக்கம் இருக்கிறது: கல்லறைமேல் விரிந்திருக்கும் கூரையின் கீழ் யார் வந்தாலும் தீட்டு, மரக்கிளையும் அந்தக் கணக்கில் கூரைதான். ஆக, கல்லறை ஓரத்தில் நடுகிற மரத்தின் கிளை வெளியே பாதைமேல் நீண்டுவிட்டால், பாதையில் நடக்கும் கோஹெனுக்கு அது சிக்கல். நிழலுக்காக மரத்தின் விரிவைக் கணக்குப் போடுகிற நமக்கு, விரிவு எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுவது புதுசு.

எடுத்து வேறு இடத்தில் புதைக்கலாமே என்றால் அதுவும் லேசில் முடியாது. புதைத்தவரைக் கிளப்புவதை யூத மதச் சட்டம் மிக அரிதாகத்தான் அனுமதிக்கிறது. தவிர யார் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று பிரிக்க முடியாத கூட்டுக் குழி. முற்றம் அப்படியே கல்லறையாக நிலைத்துவிட்டது.

ஐவியும் கூழாங்கல்லும்

இப்போது அந்த முற்றத்துக்கு என்ன செய்ய முடியும்? வேலைக்காரக் கண்ணோடு பார்த்தால் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. தோண்ட முடியாது, ஆகவே புதுசாகப் பெரிய மரம் நடுவது கடினம், வேர் உள்ளே போகும். நிலத்தடியில் தண்ணீர்க் குழாய் போட முடியாது. வாய்க்கால் கூடாது என்ற விதியை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். நீரூற்று, ஓடை எல்லாம் அந்த மண்ணில் பேச்சுக்கே இடமில்லை. பூ பறிக்கிற மாதிரியான பாத்தி, கீரை, பழம் எதுவும் கூடாது, கல்லறையில் விளைந்ததை யாரும் அனுபவிக்கக் கூடாது என்பதால். நடுவில் நடைபாதை கூடாது, கீழே ஆட்கள் இருக்கிறார்கள். தியானத் தோட்டத்துக்கு என்று நாம் எடுத்து வைக்கிற சாமான் ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டது.

மிஞ்சியது ஐவிக் கொடி. இன்றைக்கு அங்கே போனால் கண்ணில் படுவது அதுதான்: தரையிலிருந்து கொஞ்சம் மேடாக நிற்கும் புதைகுழிப் பாத்திகள், அவற்றின்மேல் ஐவி அடர்த்தியாகப் படர்ந்திருக்கிறது, அதற்குள் அங்கங்கே சின்னச் சின்னப் பெயர்க் கற்கள். பிற்பாடு குடும்பத்தினர் தங்கள் ஆளுக்காகக் கொண்டுவந்து வைத்தவை. யார் ஐவியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் சரி, இதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தோன்றவில்லை. உயரமான கட்டடங்களுக்கு நடுவில் வெயில் குறைவான முற்றம் அது, ஐவி நிழலைத் தாங்கும். பனிக்காலத்திலும் இலை உதிராது, ஆகவே ஜனவரியிலும் அந்தக் குழிகள் வெறும் மண்ணாகத் தெரியாது. ஒரு தடவை பிடித்துவிட்டால் மறுபடி மண்ணைக் கிளற வேண்டியதில்லை. புல்தரை போட்டிருந்தால் வாரா வாரம் மிஷின் ஓட்ட வேண்டும், வெட்டிய புல்லைக் கொட்ட வேண்டும், அப்புறம் அந்தப் பழைய விதி வந்து நிற்கும். இன்னொன்றும் உண்டு. புல்லைப் பார்த்தால் மனிதக் கால் தானாக அதன்மேல் ஏறும். ஐவியின்மேல் யாரும் ஏற மாட்டார்கள். கயிறு கட்டாமல், பலகை வைக்காமல், ஒரு செடி வேலி வேலையைச் செய்கிறது.

அந்தப் பாத்திகளின் விளிம்பிலும் பெயர்க் கற்களின் தலையிலும் கூழாங்கற்கள் இருக்கும். யூதர்கள் கல்லறைக்குப் பூ கொண்டுபோவதைவிடக் கல் வைப்பதுதான் வழக்கம். வந்தேன், உன்னை மறக்கவில்லை என்பதற்கு அடையாளம். தோட்டம் அமைக்கிறவருக்கு இதிலும் ஒரு வேலை இருக்கிறது. கல் வைக்க ஒரு விளிம்பு வேண்டும், கை எட்டும் உயரத்தில், சாய்வில்லாமல். அதோடு கல் கிடைக்க வேண்டும், நகரத்து நடுவில் எல்லோர் பையிலும் கூழாங்கல் இருக்காது. நல்ல நினைவிடங்களில் பாதை ஓரத்தில் உதிரிக் கல் பரப்பியிருப்பது சும்மா அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள்.

1931இல் போட்ட தாழ்வாரம் எப்படி உதவியது என்று இப்போது பாருங்கள். நடுவில் இறங்காமலே முழுவதையும் பார்க்க முடிகிற முற்றம் ஏற்கெனவே இருந்தது. பாதையை மாற்ற வேண்டியதில்லை, ஆட்களை ஓரமாக நடக்கவைக்க எதையும் கட்ட வேண்டியதில்லை. ஓய்வாக நின்று பார்க்க வரைந்த நடை, துக்கத்தோடு நின்று பார்க்கவும் அப்படியே பொருந்திவிட்டது. நடுவில் நடைபாதை வைத்து வரைந்திருந்தால், 1945க்குப் பிறகு அந்த முற்றத்தைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உலோக வில்லோ

பின்புறத்து முற்றத்துக்கு ரவூல் வாலன்பெர்க் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்வீடன் தூதரகத்தில் வேலைக்கு 1944 ஜூலையில் புடாபெஸ்ட் வந்து, பாதுகாப்புக் கடவுச்சீட்டு எழுதிக் கொடுத்தும் ஸ்வீடன் கொடி கட்டிய வீடுகளில் தங்கவைத்தும் ஆயிரக்கணக்கான யூதர்களைக் காப்பாற்றியவர். 1945 ஜனவரியில் சோவியத் ராணுவத்தின் பிடியில் போனவர் திரும்பவேயில்லை. இங்கே நடுநாயகமாக நிற்பது இம்ரே வார்கா செய்த உலோக மரம். 1990களின் தொடக்கத்தில், கம்யூனிச ஆட்சி முடிந்த கையோடு வந்தது. ஹாலிவுட் நடிகர் டோனி கர்ட்டிஸ் ஹங்கேரிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் தன் அப்பா இமானுவேல் பெயரில் ஆதரித்த அறக்கட்டளைதான் இதற்கு முன்னின்று பணம் திரட்டியது.

மரத்தின் வடிவம், கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும் வில்லோ. ஹங்கேரியர்கள் அதற்கு வைத்த பெயரே சோமோருஃபூஸ், சோக வில்லோ. சங்கீதம் 137இல், பாபிலோன் ஆறுகளின் கரையில் உட்கார்ந்து அழுதோம், அங்கிருந்த மரங்களில் எங்கள் கின்னரங்களைத் தொங்கவிட்டோம் என்று சிறைப்பட்ட யூதர்கள் பாடுகிறார்கள் அல்லவா, அந்த மரத்தை ஐரோப்பிய மொழிகளில் வில்லோ என்றே பெயர்த்தார்கள். அதை வைத்துத்தான் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இந்தத் தொங்கும் வில்லோவுக்குப் பாபிலோனைச் சேர்த்துத் தாவரவியல் பெயர் வைத்தார். மரம் என்னவோ சீனாவிலிருந்து வந்தது, பாபிலோன் கரையில் இருந்தது யூப்ரடீஸ் பாப்லராக இருக்கும் என்கிறார்கள். தமிழ் பைபிளில் அது அலரிச்செடி ஆகிவிட்டது. ஆற்றங்கரையில் நிற்கிற, நமக்குத் தெரிந்த ஒரு செடி, மொழிபெயர்த்தவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. எந்த மரமோ, அதில் தொங்குவது அழுகை என்பது எல்லா மொழியிலும் கடந்துவந்திருக்கிறது.

கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அது மரம் மட்டும் இல்லை என்று தெரியும். ஒவ்வொரு இலையும் விரல் அளவில் ஒரு தகடு, நிஜ வில்லோ இலையைப் போலவே மெல்லியது, நீளமானது. அதன்மேல் ஒரு பெயர் பொறித்திருக்கிறது. ஒரு கொம்பில் வரிசையாக நாலைந்து இலையை வாசித்தால் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும், அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று யூகித்துக்கொள்ளலாம். உயரே போகப் போக எழுத்து தெரியாது, வெறும் மினுக்கம்தான். காற்றடித்தால் இலைகள் அசையும். அப்புறம் தள்ளி நின்று மரம் முழுவதையும் பார்த்தால், யூதர்களின் கிளை விளக்கான மெனோராவைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரித் தோன்றும் என்று பலரும் சொல்வார்கள், பார்த்த பிறகு அந்த உருவத்தை மறக்க முடியாது. யாத்திராகமத்தில் மெனோராவைச் செய்யச் சொல்லும்போதே வாதுமைப் பூ வடிவில் மொக்குகள் வைத்து, தண்டிலிருந்து கிளைகள் பிரிவதாகத்தான் வர்ணனை வரும். விளக்கே மரமாகப் பிறந்தது. வார்கா அதை மறுபடி மரமாக்கி, கவிழ்த்துவிட்டார்.

முன்னால் கருங்கல்லில் ஒரு வளைவு, பத்துக் கட்டளைப் பலகையை நினைவுபடுத்தும் உருவம். என் வலியைவிடப் பெரிய வலி யாருடையது என்ற பொருளில் அதில் ஒரு வரி. புலம்பல் ஆகமத்தை வாசித்தவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

மரமா, கூடாதா

உலோக மரம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிற இன்னொரு தடையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் இருக்கும் யூதரல்லாதவர்கள் பெரும்பாலும் இதை அறியாமலேயே வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். உபாகமம் 16ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய பலிபீடத்தின் அருகில் தோப்பு வைக்காதே என்று ஒரு கட்டளை இருக்கிறது. கானானியர் தங்கள் தெய்வத்துக்கு மரம் நட்டு வழிபட்டதால் வந்தது. பலிபீடம் போய் ஈராயிரம் ஆண்டு ஆகப்போகிறது. ஆனாலும் ஜெப ஆலயம் அந்த ஆலயத்தின் சிறு பிரதி என்று எடுத்துக்கொண்டால், அதன் முற்றத்தில் மரம் நடலாமா என்று கேள்வி வரும் இல்லையா? வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் யூதர்கள் தெருவைப் பார்த்தபடி பெரிய பெரிய ஆலயங்களைக் கட்டி, தேவாலயங்களைப் போல் முன்னால் மரமும் தோட்டமும் வைக்கத் தொடங்கியபோது, சில ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், கூடவே கூடாது என்றார்கள், சிலர் கட்டளை எருசலேம் ஆலயத்துக்கு மட்டும்தான் என்று விட்டார்கள். இன்றைக்கும் சமூகத்துக்குச் சமூகம் பதில் மாறும். அதனால்தான் முதல் கூட்டத்திலேயே ரபியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி பட்ஜெட் கிடையாது, மரம் உண்டா இல்லையா என்பது.

வார்காவின் மரத்துக்கு வேர் இல்லை. அது நடப்படவில்லை, நிறுத்தப்பட்டது. இந்தச் சட்டத்தை மனதில் வைத்துத்தான் அவர் உலோகத்தை எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, உலோகம் அவர் தொழில், வாழ்நாள் முழுக்க அதில்தான் வேலை செய்தார். ஆனால் கல்லறைக்குப் பக்கத்தில், ஆலயத்தின் பின்புறத்தில், நிழலுக்கோ பழத்துக்கோ பயன்படாத, யாரும் அனுபவிக்க முடியாத, கோடையிலும் பனியிலும் ஒரே மாதிரி நிற்கும் ஒரு மரம் அந்த இடத்தின் எல்லாத் தடைகளுக்கும் நடுவில் எப்படிக் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்பதைப் பார்க்காமல் போக முடியவில்லை.

இன்னும் இரண்டு இடம்

இதே வேலையை நேர் எதிராகச் செய்த ஓர் இடம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் இருக்கிறது. ரோடெஃப் ஷாலோம் என்ற சபை, 1907இல் கட்டிய ஆலயம். அதன் ரபி வால்டர் ஜேக்கப்பும் அவர் மனைவி ஐரீன் ஜேக்கப்பும் 1980களில் அங்கே பைபிள் தாவரத் தோட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். ஒரு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, நம் கணக்கில் 33 சென்ட் வரும். அந்த இடத்துக்குள் 100க்கும் மேற்பட்ட செடி வகைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது வரும் வசனம். கலிலேயா ஏரியிலிருந்து சாக்கடல் வரை யோர்தான் ஓடுவதைப் போல ஒரு சின்ன ஓடை. அன்போடு செய்த வேலை. பிட்ஸ்பர்கின் பனியில் வெப்பநாட்டுச் செடிகளை வெளியே விட்டுவைக்க முடியாது, ஆகவே அது கோடைக்கான தோட்டம். ஆனால் அதை நான் கற்றுக்கொள்கிற தோட்டம் என்பேன். பலகையை வாசிக்கும்போது மனசு படிக்கிறது, அடங்குவதில்லை. இரண்டும் வேண்டியவைதான், ஒன்றைக் கேட்டவருக்கு மற்றதைக் கொடுத்துவிடக் கூடாது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் புடாபெஸ்டுக்கு நெருக்கம். அங்கே கோட்ஃப்ரிட் செம்பர் வரைந்து 1840இல் திறந்த ஜெப ஆலயத்தை 1938 நவம்பர் 9 இரவு எரித்தார்கள். அதே நவம்பர் 9 அன்று, 2001இல், அந்த வளாகத்தில் புது ஆலயம் திறந்தது. ஆலயத்துக்கும் சமூகக் கூடத்துக்கும் நடுவில் வெறும் முற்றம் விட்டு, பழைய ஆலயத்தின் சுவர் ஓடிய கோட்டைத் தரையில் காட்டி, பிளேன் மரங்கள் நட்டிருக்கிறார்கள். எரிந்த இடத்தின்மேல் கட்டடம் எழுப்பாமல் பக்கத்தில் எழுப்பியதுதான் அந்த வேலையின் உயிர். இங்கேயும் விட்ட இடம்தான் பேசுகிறது.

கையில் வேலை வந்தால்

புடாபெஸ்ட் மாதிரிக் கல்லறை இல்லாத, சாதாரண ஜெப ஆலயத்துக்கு வரைய வேண்டி வந்தால் தடைகளின் கடுமை குறையும், ஆனால் வேறு தேவைகள் வரும். சுக்கோத் பண்டிகைக்கு ஏழு நாள் ஓலைக்கூரைப் பந்தல் போடுவார்கள், அதன்மேல் மரக்கிளை கவிந்திருந்தால் அந்தப் பந்தல் செல்லாது, நேரே வானம் வேண்டும். ஆகவே எவ்வளவு ஆசை இருந்தாலும் ஒரு துண்டு நிலத்தை மொட்டையாக, நாலு கால் நட வசதியாக, கூடத்திலிருந்து சாப்பாடு எடுத்துப் போகும் தூரத்தில் விட வேண்டும். வளர்பிறையில் வெளியே நின்று நிலாவைப் பார்த்து ஒரு ஜெபம் சொல்வார்கள், அதற்கும் அதே துண்டு உதவும். வசந்தத்தில் பழமரம் பூத்திருப்பதைப் பார்த்து வருஷத்துக்கு ஒரு தடவை சொல்கிற வாழ்த்து ஒன்று உண்டு, அதைச் சொல்ல ஊருக்கு வெளியே தோப்பைத் தேடிப் போகாமல் முற்றத்திலேயே இரண்டு பழமரம் இருந்தால் அந்தச் சபைக்கு எவ்வளவு சந்தோஷம். ரபி மரத்துக்குச் சம்மதித்தால்தான். சம்மதித்தால், நட்ட முதல் மூன்று வருஷப் பழத்தை யாரும் சாப்பிடக் கூடாது என்பதை நாற்று வாங்கும்போதே தேதியோடு எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலாம் வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழமரத்தைப் பிறகு வெட்டுவதும் லேசில்லை, அதற்கும் உபாகமத்தில் தடை இருக்கிறது, ஆகவே இடம் பார்த்து நட வேண்டும்.

ஓய்வுநாளில் யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை குழாயைத் தொட மாட்டார்கள். தோட்டத்துக்கு ஆள் அதிகம் வருவதும் அன்றைக்குத்தான். வாடாமல் நிற்கிற செடி வேண்டும், அல்லது முன்னாலேயே நேரம் குறித்து வைக்கிற பாசனம். விளக்குக்கும் அதே ஏற்பாடு.

பாதை விஷயத்தில் மட்டும் நான் புடாபெஸ்டை விட்டு நகர மாட்டேன். ஜெப ஆலயத்தைக் குறுக்கு வழி ஆக்காதே என்று பழைய நூலில் இருப்பதைத் தோட்டத்துக்கும் பொருத்துவேன். கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்குப் போகிற வழி தோட்டத்துக்குள் போனால் அந்தத் தோட்டம் அன்றோடு முடிந்தது, போனில் பேசிக்கொண்டே கடந்துவிடுவார்கள். வழி வேறு, தோட்டம் வேறு. தோட்டத்துக்குள் போகிறவர் அங்கே போவதற்காகவே போக வேண்டும், வந்த வழியே திரும்ப வேண்டும்.

புடாபெஸ்ட் முற்றத்தில் வந்த வழியே திரும்பும்போது ஐவிப் பாத்திகளை இன்னொரு தடவை கடப்பீர்கள். ஐவிக்கு விட்டால் கல்லை மூடாமல் இருக்காது, ஒரு பருவத்திலேயே பெயரெல்லாம் இலைக்குள் போய்விடும். அந்தச் சின்னக் கற்களில் பெயர் இன்னும் வாசிக்க முடிகிறது என்றால், யாரோ குனிந்து கத்தரியால் அந்தக் கற்களைச் சுற்றி மட்டும் வெட்டிவிட்டு, மற்றதை வளர விடுகிறார்கள்.